என் விடுமுறைக்கு அப்பா கொடுத்த வாக்கு

1

நேற்று சாயங்காலம் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிற நேரம் பார்த்து அடையாற்றிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கட்டிடக்கலை நாலாம் வருஷம் படிக்கிறாளாம். என்னுடைய நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "எங்க காலேஜ்ல எல்லார்கிட்டயும் இருக்குக்கா" என்றாள். நல்லது! நான் ஏதோ லீட்ஸ் நகரத்தில் ஒரு மூலையில் மழையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக வாழ்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷா வருஷம் இந்தப் பருவத்தில் இரண்டு மூன்று அழைப்பாவது வரும். கேள்வி ஒன்றுதான். "அக்கா, அங்க பிராக்டிகல் ட்ரெயினிங் கிடைக்குமா? ஏதோ வேலை செஞ்சுகிட்டே ஊர் சுத்தற விசா இருக்காமே, அது கிடைக்குமா?" இருக்கிறது. காமன்வெல்த் நாட்டு இளசுகளுக்காக இங்கிலாந்து வைத்திருக்கிற விசா. விடுமுறைக்கு வரலாம், செலவுக்குக் கொஞ்சம் வேலையும் செய்துகொள்ளலாம். விடுமுறைதான் முதலில், வேலை அப்புறம். அந்த விசாவில் வந்த முதல் மெட்ராஸ் பெண் நான்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் என் தோழி வைதேகி எனக்கு அரை மணி நேரம் முன்னால் வாங்கிவிட்டாள்.

யாருக்கு எப்படி விண்ணப்பிப்பது, வரைபடங்களை எப்படி அனுப்புவது என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, வீட்டுல என்ன சொல்லட்டும்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, நாளைக்குக் கூப்பிடச் சொன்னேன். இந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாது.

2

தொண்ணூறுகளின் தொடக்கம். மெட்ராஸுக்கு அப்போது சென்னை என்று பெயர் மாறவில்லை. எனக்கு வீடு தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அப்பாவுக்கு அதே சந்தின் முனையில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு பக்கமும் மாடி மாடியாக எழும்பிய பெரிய கடைகளுக்கு நடுவில், பல்லிடுக்கில் மாட்டிய பாக்கு மாதிரி உட்கார்ந்திருந்த கடை. வைதேகிக்கு வீடு மயிலாப்பூர். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அவள் அம்மா கொடுத்தனுப்பும் தயிர்சாதத்தை நான் தின்பேன், என் அம்மாவின் சொதியை அவள் தின்பாள்.

நாலாம் வருஷத்தில் ஏதாவது ஒரு கட்டிடக்கலை அலுவலகத்தில் ஆறு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. எல்லாரும் ஆழ்வார்பேட்டையிலும் நுங்கம்பாக்கத்திலும் இடம் தேடிக்கொண்டிருந்தபோது வைதேகிக்கு ஒரு விபரீத யோசனை வந்தது.

"ஏண்டி சிவகாமி, நாம லண்டன்ல தேடினா என்ன?"

நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

கல்லூரி நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரும். அவற்றின் கடைசிப் பக்க விளம்பரங்களிலிருந்து முகவரிகளைக் காப்பியடித்தோம். லஸ்ஸில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கடிதம் அடித்தோம். நாங்கள் இருவரும் சேர்ந்து வருவோம், பிரிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தோம். வேலை கேட்கிறவர்கள் எழுதுகிற கடிதமா அது! வரைபடங்களைச் சுருட்டி, குழாய்க்கடையில் அறுத்து வாங்கிய பி.வி.சி. பைப்புக்குள் திணித்து தபாலில் போட்டோம். தபால் ஆபீஸ்காரர் அதை உலுக்கிப் பார்த்து, "இதுல இன்னாமா கீது, புல்லாங்குழலா?" என்றார்.

பெரும்பாலானோர் பதிலே போடவில்லை. போட்டவர்கள் ரொம்ப மரியாதையாக மாட்டோம் என்றார்கள். எங்களிடம் ஃபேக்ஸ் இல்லாததால் பாண்டி பஜாரில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்தின் நம்பரைக் கொடுத்திருந்தோம். பூத்காரர் சிந்தாதிரிப்பேட்டை ஆள். முதலில் எங்களைக் கண்டாலே எரிந்து விழுந்தார். நாளாக நாளாக எங்களைவிட அவருக்குத்தான் தவிப்பு அதிகமாகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் பனகல் பார்க் பக்கம் வருவதைப் பார்த்துவிட்டு, கடையை அப்படியே விட்டுவிட்டு நடுரோட்டில் ஓடி வந்தார். கையில் சுருண்ட ஃபேக்ஸ் காகிதம்.

"லண்டன்காரன் வரச் சொல்லிக்கிறான்மா! ரெண்டு பேரையும் வரச் சொல்லிக்கிறான்!"

ஒரு ரிக்‌ஷா, ஒரு பல்லவன் பஸ், இரண்டு மாடுகள் எங்களுக்காக நின்றன. நாங்கள் மூன்று பேரும் நடுரோட்டில் குதித்தோம். அந்தக் குதி இன்னும் என் கணுக்காலில் இருக்கிறது.

3

ஃபேக்ஸ் அனுப்பியவர் பீட்டர். ஒரு கறிக்கடைக்கு மேல்மாடியில் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு சின்னதாக ஆபீஸ் நடத்துகிறவர். இடம் தருகிறேன், கொஞ்சம் சம்பளமும் தருகிறேன், விசாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். விசாரித்ததில்தான் இந்த விடுமுறை விசா தெரியவந்தது.

இங்கேதான் சிக்கல். கல்லூரியில் போய், லண்டனில் பயிற்சி எடுக்க அனுமதி கேட்டோம். துறைத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஊர் சுத்தப் போறீங்களா?" என்றார். "ஐயோ இல்லை சார்! முழுக்க முழுக்க வேலை சார்!" என்றோம். அவரும் நம்பி, முழு நேரப் பயிற்சி, விடுப்பு எதுவும் கிடையாது என்று சான்றிதழ் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். விசா ஆபீஸில் இதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டும். முழுக்க முழுக்க விடுமுறை சார், வேலை சும்மா ஊறுகாய் மாதிரி.

மூன்றாவது இடம் எங்கள் வீடு. அங்கே விடுமுறை என்ற பேச்சையே எடுக்க முடியாது. எங்கள் வீட்டில் கடைக்கு லீவு என்றால் சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். பொங்கலன்று கூட மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா சாவிக்கொத்தைத் தேடுவார். குலதெய்வம் கோயிலுக்குப் போனால்கூட வழியில் கடைவீதியில் இறங்கி, வேட்டி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். அந்த மனிதரிடம் போய், "அப்பா, நான் ஊர் சுத்த லண்டன் போறேன், டிக்கெட் எடுத்துக் குடுங்க" என்று சொல்ல முடியுமா? "ட்ரெயினிங்ப்பா. காலேஜ்ல கட்டாயம்" என்றேன். அவர் துணி கிழித்துக்கொண்டே, "வைதேகியும் வாராளா?" என்று கேட்டார். "ஆமா." "அப்ப சரி."

அவ்வளவுதான். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் விடுமுறை என்று ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தால் டிக்கெட்டும் இல்லை, லண்டனும் இல்லை, நேரே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார் என்று உறுதியாக நம்பினேன்.

வைதேகி வீட்டில் இந்தக் கஷ்டமே இல்லை. அவள் எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்துவிடுவாள். தினமும் சாயங்காலம் அவர்கள் ஆத்துக் கூடத்தில் எங்களுக்கு நேர்முகத் தேர்வு ஒத்திகை. மாமிதான் விசா ஆபீசர். கையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு, "வொய் யூ ஆர் கோயிங்?" என்று அதட்டுவார். வைதேகி இங்கிலாந்தின் கோட்டைகள், ஏரிகள், பாலங்கள் எல்லாவற்றையும் பூகோளப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி வடக்கிலிருந்து தெற்காக உருப்போட்டு வைத்திருந்தாள். என் முறை வந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். "இப்படிச் சிரிச்சிண்டு நின்னா உனக்கு விசா இல்லை, போ!" என்று மாமி டம்ளரைக் கீழே வைப்பார்.

4

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் அம்மா என் ஃபைலைத் தயார் செய்தாள். நம் ஊரில் யாருக்கு எந்த நேர்முகத் தேர்வு வந்தாலும் நடப்பதுதான். "எது கேப்பானோ தெரியாது, எல்லாத்தையும் எடுத்துக்கோட்டி" என்று பீரோவையே காலி செய்தாள். பத்தாவது மார்க் ஷீட், டைப்ரைட்டிங் லோயர், இந்தி பிராத்மிக், ஆறாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் வாங்கிய ஆறுதல் பரிசு, எல்லாம் லாமினேட் செய்தது. காப்பிகளில் பச்சை மையில் அதிகாரி கையெழுத்து. நாலு மூலையிலும் மஞ்சள், மேலே குங்குமம். கர்ப்பிணி மாதிரி இருந்த அந்த ஃபைலைத் திறந்து சரிபார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

காலையில் இன்னொரு இடி. அப்பா சலவை வேட்டி சட்டையில் வாசலில் நின்றார்.

"நீங்க எதுக்குப்பா? கடை?"

"கணக்குப்பிள்ளை பாத்துக்கிடுவான். பொண்ணு வெள்ளக்காரனப் பாக்கப் போறா, நான் முழம் போட்டுக்கிட்டா இருப்பேன்?"

விசா ஆபீஸ் வாசலில் ஒரு வேப்பமரம். அப்பா அதன் அடியில் உட்கார்ந்தார். முதலில் வைதேகி போனாள். அரை மணியில் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்து, "பாலங்கள் வரைக்கும் வந்தேன், போதும்னுட்டார்" என்று என் காதில் சொன்னாள். அடுத்து என் பெயர்.

உள்ளே சிவந்த முகத்தோடு ஓர் ஆபீசர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாள், கழுத்தில் கண்ணாடிச் சங்கிலியோடு. ஆபீசர் எங்கெல்லாம் போகப்போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு நாள் வேலை செய்வாய் என்றார். கொஞ்ச நாள்தான், மற்றபடி ஊர் பார்ப்பேன் என்றேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர் என் ஃபைலை இழுத்தார். புரட்டினார். இந்தி பிராத்மிக்கைத் தாண்டினார். கையெழுத்துப் பரிசைப் பார்த்து ஒரு கணம் யோசித்தார். அதற்குப் பின்னால் இருந்த காகிதத்தை உருவி எடுத்து மேஜையில் வைத்தார்.

கல்லூரிச் சான்றிதழ். முழு நேரப் பயிற்சி. விடுப்பு எதுவும் கிடையாது. முத்திரை வேறு பளிச்சென்று விழுந்திருந்தது.

"விடுமுறைக்குப் போகிறேன் என்கிறீர்கள். விடுமுறையே கிடையாது என்று உங்கள் கல்லூரி எழுதியிருக்கிறதே?"

மாமி வீட்டில் வந்த சிரிப்பெல்லாம் எங்கே போனதோ. ஆபீசர் பேனாவை மூடினார். அந்தச் சத்தத்தில் என் லண்டன், பீட்டர், கறிக்கடை மாடி எல்லாம் ஒன்றாக இடிந்து விழுந்தது.

"செலவு யாருடையது?"

"அப்பா."

"எங்கே இருக்கிறார்?"

"வெளியில... மரத்தடியில."

"வரச் சொல்லுங்கள்."

தொலைந்தேன். அப்பா உள்ளே வந்து "ட்ரெயினிங் சார், வேலை சார், ரொம்ப உழைக்கிற பொண்ணு சார்" என்று பெருமையாகச் சொல்லப்போகிறார். அதோடு ஆபீசர் விடுமுறை என்பார். அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஒரே அறையில் விசாவும் போகும், அப்பாவின் நம்பிக்கையும் போகும். ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். கதவுப் பக்கம் காவலாளி நின்றுகொண்டிருந்தார்.

அப்பா வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார். கும்பிட்டார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்கள் மகள் எதற்காக இங்கிலாந்து போகிறாள்?" அந்த அம்மாள் தமிழில் கேட்டார்.

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குப் பிடிபடவில்லை.

"ஊர் சுத்திப் பாக்கத்தான்" என்றார். "நடுவுல கொஞ்சம் வேலை பழகிக்கிடுவா. அது படிப்புக்கு வேணுமாம்."

நான் என் காதைத் தேய்த்துக்கொண்டேன்.

"கல்லூரியில் லீவே கிடையாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே?"

"அம்மா, அது அப்படித்தான் எழுதுவாங்க" என்றார் அப்பா, பொறுமையாக. "என் கடையிலயும்தான் 'விற்ற துணி திரும்பப் பெறப்பட மாட்டாது'ன்னு போர்டு தொங்குது. தெனமும் மாத்திக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்த அம்மாள் மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் சிரித்து, அடக்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். ஆபீசரின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. அவர் சிரிக்கிறார் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"நீங்கள் கடைசியாக எப்போது விடுமுறை எடுத்தீர்கள்?"

அப்பா உத்தரத்தைப் பார்த்து யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எனக்கு ஞாபகம் இல்ல சார். கடை தொறந்த பிறகு இல்ல."

"பிறகு மகளை மட்டும் ஏன் அனுப்புகிறீர்கள்?"

"அதுக்குத்தான் அனுப்புதேன். லீவுன்னா என்ன செய்யணும்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. இவ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டும். எது நல்லாயிருக்குன்னு சொன்னான்னா, நானும் ஒரு நாள் போவேன்."

ஆபீசர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "உண்மையிலேயே ஊர் சுற்றிப் பார்ப்பாளா? வேலையிலேயே கிடக்க மாட்டாளே?"

"நான் வாக்கு தாரேன் சார்" என்று அப்பா நெஞ்சில் கை வைத்தார்.

பேனா மறுபடி திறந்தது.

5

வேப்பமரத்தடிக்கு வந்ததும் நான் அழுதேன். வைதேகி பயந்துபோய், "போச்சா? போச்சாடி?" என்று என்னை உலுக்கினாள். "கெடச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு இன்னும் சத்தமாக அழுதேன்.

"யாருப்பா உங்ககிட்ட சொன்னா?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே வைதேகியைக் கண்ணால் காட்டினார். "இவுங்க அம்மா கடைக்கு வந்தாங்க. ரெண்டு பொண்ணுக்கும் ஒரே நெறத்துல கம்பளிச் சட்டை வேணும்னு. நம்ம கடையில ஏது கம்பளி? இந்த ஊர்ல எவன் வாங்குவான்? சரி, எதுக்குன்னு கேட்டேன். ரெண்டு பேரும் லண்டன்ல ஊர் சுத்தப் போறாங்களே, குளிருமேன்னு சொன்னாங்க. கோட்டை, ஏரி, பாலம்னு எல்லாத்தையும் சொன்னாங்க."

"ஐயையோ அம்மா!" என்று வைதேகி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பவே ஏன்ப்பா என்னக் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, பயந்துகிட்டு கெடக்கான்னு விட்டுட்டேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "ஊர் சுத்துறதுக்கு எதுக்குட்டி பயப்படணும்? திருடவா போற?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலவும் இருந்தது. அவரைத் தூக்க முடியாது. அதனால் வைதேகியைத் தூக்கிச் சுற்றினேன். ஆட்டோக்காரர், "இன்னாமா, லண்டனா?" என்று கேட்டுவிட்டு மீட்டருக்கு மேல் கேட்டார். அப்பா சந்தோஷத்திலும் பேரத்தை விடவில்லை.

6

லண்டன் வந்து சேர்ந்த கதையை விடுங்கள். எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். குளிர், உப்பில்லாத சாப்பாடு, வாயைத் திறந்தாலே "சாரி" என்று சொல்லுகிற ஜனங்கள். கம்பளிச் சட்டை இரண்டும் ஒரே நிறம், மாமி எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போன முதல் நாள், நாங்கள் ஏதோ அநாதை ஆசிரமத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று பீட்டர் நினைத்தாராம். மூன்று மாதம் கழித்துச் சொன்னார்.

வேலை பிடித்துப்போயிற்று. ரொம்பவே பிடித்துப்போயிற்று. நான் என் அப்பாவின் மகள்தானே! வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கிளம்பினாலும் நான் மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். பீட்டர் விளக்கை அணைத்துவிட்டு, "சிவகாமி, நீ விடுமுறைக்கு வந்தவள், வெளியே போ" என்பார்.

அவரை ஏமாற்றிவிடலாம். அப்பாவை முடியாது. ஞாயிறு தவறாமல் பாண்டி பஜார் பூத்திலிருந்து போன் வரும். சாப்பிட்டியா, உடம்பு எப்படி என்ற பேச்செல்லாம் அம்மாவுடையது. அப்பாவுக்கு ஒரே கேள்வி.

"இந்த வாரம் எங்க போன?"

"வேலை ஜாஸ்திப்பா. எங்கயும் போகல."

பின்னணியில் பூத்காரர், "நைனா, பேசு நைனா, மீட்டர் ஓடிக்கினுகீது!" என்று கத்துவார்.

"எம்மா, நான் அந்த ஆளுகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். நீ இப்படி வேலையே கதின்னு கெடந்தா என் மரியாதை என்னாவது?"

அந்த ஆபீசர் என்னை எப்போதோ மறந்திருப்பார் என்று எத்தனை தடவை சொன்னாலும் அப்பாவுக்கு ஏறாது. சொன்ன சொல்படி சரக்கு கொடுக்காவிட்டால் கடை எப்படி நடக்கும்? ஆகவே நானும் வைதேகியும் கடனே என்று ஊர் சுற்ற ஆரம்பித்தோம். கடனே என்று ஆரம்பித்தது பைத்தியமாகிப் போனது. பஸ்ஸில், ரயிலில், பாதி வழி நடையாகவே. ஒரு கோட்டையில் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு ஏரியில் வைதேகி புளியோதரைப் பொட்டலத்தை வாத்திடம் பறிகொடுத்தாள். அது ஒரு வாய் தின்றுவிட்டு எங்களைப் பார்த்த பார்வை!

எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அவர் கேட்கிற கேள்விகளே வேறு. கோட்டையை யார் கட்டினார் என்று கேட்க மாட்டார். உட்கார இடம் இருக்கா? கூட்டமா? நம்ம மாதிரி ஆளு போனா வேடிக்கை பாப்பானா? நான் அனுப்பிய படத் தபால் அட்டைகளையெல்லாம் கல்லா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அடுக்கி வைத்தார் என்று அம்மா சொன்னாள். பில் போட வருகிறவர்களிடம் கோட்டை காட்டுவாராம். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றதாம்.

ஒரு வாரம் வடக்கே ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தோம். அப்பாவிடம் சொல்ல ஒன்றுமே இல்லை.

"சும்மா கடல்தான்ப்பா. மரச்சட்டத்துல துணியக் கட்டி நாற்காலி போட்டிருக்காங்க. அதுல படுத்துக்கிட்டு கடலப் பாக்காங்க. அவ்வளவுதான்."

"படுத்துக்கிட்டு?"

"ஆமா."

"வேற ஒண்ணும் செய்ய மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பூத்காரர் கூடக் கத்தவில்லை.

"அது நல்லாயிருக்கும் போல இருக்கே" என்றார் அப்பா.

7

பயிற்சி முடிந்து ஊர் திரும்பி, பட்டம் வாங்கி, கல்யாணமாகி, கணவரின் வேலையால் மறுபடி இதே நாட்டுக்கு வந்து விழுந்தேன். வைதேகி இப்போது மயிலாப்பூரில் சொந்த ஆபீஸ் வைத்து எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருக்கிறாள். என் மகள் இனியாவுக்கு நாலு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அம்மா, அப்பா, தாத்தா, தோசை ஆகிய நான்கு சொற்களை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது. சில நாள் அழுகை வரும். சில நாள் தோசையாவது மிச்சமிருக்கிறதே என்று தோன்றும்.

இந்தக் கோடையில் அப்பா வந்தார். என் தம்பி கடையை எடுத்துக்கொண்டு, "நீங்க ஒரு மாசம் அக்காகிட்ட போங்க" என்று கிட்டத்தட்டத் தள்ளிவிட்டிருக்கிறான். வாழ்க்கையில் முதல்முறையாக பேண்ட் போட்ட அப்பா, விமான நிலையத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் பெரிய திட்டமெல்லாம் போட்டிருந்தேன். அரண்மனை, அருங்காட்சியகம், ஆற்றில் படகு. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அந்தத் துணி நாற்காலி எங்க இருக்கு?" என்றார்.

"எந்தத் துணி நாற்காலி?"

"நீதானே சொன்ன. படுத்துக்கிட்டுக் கடலப் பாப்பாங்கன்னு."

கண்ணாடிக்கு அடியில் அத்தனை கோட்டைகளை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமும் மனுஷர் மனசுக்குள் வைத்திருந்தது அதைத்தானா! அடுத்த சனிக்கிழமையே ரயிலேறினோம்.

அடையாற்றுப் பெண் இன்று கூப்பிடுவாள். வீட்டில் என்ன சொல்லட்டும் என்று மறுபடி கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லப்போகிறேன். நிஜத்தைச் சொல்லும்மா. ஊர் சுத்தப் போறேன்னு சொல்லு. அவங்களுக்கும் எங்கேயாவது போகணும்னு இருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

அன்றைக்கு ஸ்கார்பரோவில் வெயிலும் காற்றும் மாறி மாறி வந்தன. அப்பா மஃப்ளரைக் காதோடு கட்டிக்கொண்டு வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளுக்கு முன்னால் நின்றார். உட்காரவில்லை. குனிந்து நீலக்கோடு போட்ட துணியை விரலிடுக்கில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். பின்பக்கம் போய் தையலைப் பார்த்தார். "நல்ல கனம். சாயம் நிக்கும்" என்றார். நாற்காலிக்காரரிடம் கெஜம் என்ன விலை என்று கேட்கச் சொன்னார். நான் கேட்க மாட்டேன் என்றேன். பெரிய வாக்குவாதம். கடைசியில் இனியா அவர் விரலைப் பிடித்து இழுத்து, "தாத்தா, சிட்!" என்றாள். அப்பா உட்கார்ந்தார். துணி உள்வாங்கியதும் "எப்பா!" என்று அலறினார். பிறகு காலை நீட்டினார்.

நானும் இனியாவும் தண்ணீரில் கால் நனைக்கப் போனோம். குளிர் தாங்காமல் இரண்டு பேரும் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது அப்பா அசையாமல் கிடந்தார். மஃப்ளர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை மட்டும் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தது. பகலில் அப்பா தூங்கி நான் பார்த்ததே இல்லை. இப்படி ஒரு முகம் அவரிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிவந்த முகத்து ஆபீசரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

இனியா ஈர மணல் கையோடு அவர் தோளைத் தொடப் போனாள். நான் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"உஷ்... எழுப்பாத. தாத்தாவுக்கு இன்னிக்கு லீவு."